தானாக நடக்கும் கம்பங்கள்

1

இந்தக் கதையை எழுதும் எண்ணமே எனக்கு இருக்கவில்லை. எங்கள் ஹார்ன்பீ ஊர் நடைத்தடச் சங்கத்தின் தலைவர், ஓய்வு பெற்ற பல் மருத்துவர் வெண்டல் ஓல்ட்மன், சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் கேட்டார். "புல்வெளியோட ஆன்மாவைத் தொடணும், பாத்துக்கோ" என்றார். ஊரின் கடைவாய்ப் பற்களையெல்லாம் தொட்டு முடித்தவர், அடுத்து ஆன்மாவுக்கு வந்திருந்தார். அந்த ஒரு பக்கம் வழி தவறி இப்படி ஆகிவிட்டது.

முதலில் எழுதிய தொடக்கம்:

வானமும் புல்லும் முத்தமிடும் வட டகோட்டாவின் மேற்குக் கோடியில், காலமென்னும் சிற்பி செதுக்கிய மண்கோபுரங்களின் ஊடே ஒரு தடம்—

என் மனைவி மார்டெல் பின்னால் நின்று படித்தாள்.

"வானம் யாரை முத்தமிட்டுச்சு? நேத்து அடிச்ச காத்துல கோழிக்கூட்டுக் கூரை பறந்து போச்சு. அதை எழுது."

"இது மலருக்கும்மா. கொஞ்சம் உசத்தியா இருக்கணும்."

"உசத்தியாத்தான் இருக்கு. ஒரு மனுஷனைக் காணோம்."

இரண்டாவது தொடக்கம்: மழை விட்ட மறுநாள், மினியாபொலிஸ்காரி ஒருத்தி செருப்பில்லாமல், முட்டிவரை சாம்பல் நிறக் களிமண்ணோடு, பண்ணைக்காரி அர்லிஸின் குதிரையில், அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தாள்.

இது பரவாயில்லை. ஆனால் இதிலும் ஒரு தில்லுமுல்லு இருக்கிறது. இப்படி ஆரம்பித்தால் நீங்கள் உடனே இரக்கப்பட்டுவிடுவீர்கள். எனக்கு உங்கள் இரக்கம் வேண்டாம். சந்தேகம்தான் வேண்டும்.

2

நடந்ததை நேராகவே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தடம் புல்வெளியில் தொடங்கி, ஒரு மேட்டில் ஏறி, மழை அரித்துக் குடைந்த வெட்டு நிலத்துக்குள் இறங்கும். புல்வெளியில் பாதை என்று ஒன்று தெரியாது. கம்பத்துக்குக் கம்பம் பார்த்து நடக்க வேண்டியதுதான். மேட்டின் உச்சியில் அம்புக்குறி போட்ட ஒரு கம்பம் உண்டு. அங்கே இடதுபக்கம் திரும்பினால் அர்லிஸ் டாம்கேயின் வேலியோரமாகப் போய் அவள் கேட்டைத் திறந்து மூடிக்கொண்டு நடக்கலாம்; அதுதான் தடம். வலதுபக்கம் திரும்பினால் பள்ளம். பள்ளம் முழுக்க கம்போ.*

(* கம்போ என்பது எங்கள் களிமண். காய்ந்தால் ஓடு, நனைந்தால் பசை. மாட்டையே பிடித்து வைத்துக்கொள்ளும். வெண்டலின் மலரில் இதற்குப் பெயர் "ஈர மண்ணின் மென்மை".)

டெஸ்ஸா என்ற அந்தப் பெண் கம்பங்களை நம்பி நடந்தாள். கம்பங்கள் அவளை வலதுபக்கம் அனுப்பின. பள்ளத்தில் இரண்டு காலணிகளும் போய், கணுக்காலும் பிசகிவிட்டது. நாள் முழுக்கக் கத்தியிருக்கிறாள். கேட்டது காட்டுப்பூனை மட்டுமாக இருக்கலாம். [இங்கே பூனை எதற்கு? எடுத்துவிட வேண்டும்.] சாயங்காலம் அர்லிஸ்தான் கண்டுபிடித்து, குதிரையில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், உருண்டை போட்ட சூப் கொடுத்து, செத்துப்போன கணவனின் பூட்ஸையும் கொடுத்தனுப்பினாள்.

ஊர் நன்றி சொல்லியிருக்க வேண்டும். ஊர் வேறொன்றைக் கேட்டது: கம்பத்தைத் திருப்பி நட்டது யார்?

அர்லிஸுக்குக் காரணம் இருந்தது. போன கோடையில் யாரோ ஒரு நடைக்காரர் அவள் கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போக, கிடாரிகள் நெடுஞ்சாலைக்கு வந்து லாரியில் அடிபட்டன. அன்றைக்கு அவள் காபிக் கடையில் எல்லார் காதிலும் விழும்படி, "இந்தக் கம்பத்தையெல்லாம் புடுங்கி அடுப்புல வைக்கப்போறேன்" என்று சொன்னாள்.

அவள் மாடுகள் மேய்வது அரசாங்கப் புல்லில். அனுமதி கொடுப்பது மேய்ச்சல் சங்கம். நடைத்தடச் சங்கம் ஒரு புகார் போட்டால் அனுமதி போகும். அனுமதி போனால் இலையுதிர் காலச் சந்தைக்கு மந்தை மொத்தமும் போகும். அறுபது வயதுக்கு மேல் அவளுக்கு வேறொரு வேலையை யாரும் தரப்போவதில்லை. அவளும் கேட்கப்போவதில்லை.

3

ஒரு கதைசொல்லியாக எனக்கும் அர்லிஸ் மேல் சந்தேகம் இருந்தது. கோபக்காரி, தனிக்கட்டை, நல்ல மனசை மறைத்து வைத்திருப்பவள். இப்படி ஒரு பாத்திரம் ரெடிமேடாகக் கிடைத்தால் எழுத்தாளன் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மார்டெலிடம் சொன்னேன்.

"சாயங்காலம் அந்தப் பள்ளத்துக்கு அவ எதுக்குப் போனா? அங்க புல்லே கிடையாது."

"கன்னுக்குட்டி தேடிப் போயிருப்பா."

"இல்ல, யாராவது மாட்டியிருப்பாங்கன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சு போய்க் காப்பாத்தினாளா? அப்ப நல்லவதானே?"

"தானே மாட்டவெச்சு தானே காப்பாத்தினா?"

"இரு, அடுப்புல ஹாட்டிஷ் இருக்கு. அதுல விஷம் வெச்சிருக்கேனான்னு யோசிச்சுட்டு அப்புறமா சாப்பிட வா."

4

இங்கேதான் நான் ஒரு அருமையான திருப்பம் வைத்திருந்தேன். இன்றைக்கும் அதன் மேல் எனக்குக் கொஞ்சம் ஆசை உண்டு.

ஆதாரம் தேட வெண்டல் என்னைத் தடத்துக்குக் கூட்டிப்போனார். அகலத் தொப்பி, இரண்டு ஊன்றுகோல், கழுத்தில் விசில், தோளில் மண்வெட்டி. புல்வெளி முழுக்க வானம்பாடிகள் அவரைவிடச் சத்தமாக இருந்தன. ஒரு கம்பம் படுத்துக் கிடந்தது. அதன் மேலெல்லாம் மாட்டு மயிர். மரமே இல்லாத நாட்டில் மாட்டுக்கு முதுகு அரித்தால் வேறென்ன செய்யும்? நிற்கிற எதுவும் அதற்குச் சொறிகட்டைதான். வெண்டல் நின்றாலும் தேய்க்கும்.

வெண்டல் தோளிலிருந்து மண்வெட்டியை இறக்கினார். கம்பம் கிடந்த இடத்திலேயே, அதன் காலடியில் குழி தோண்டினார். நிமிர்த்தினார். மிதித்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"டாக்டர், பழைய குழி எங்க?"

"எந்தக் குழி?"

"இது முன்னாடி நின்ன குழி."

"அதான் நிமிர்த்தியாச்சே. நிக்குதா இல்லையா?"

நான் பின்னால் நடந்து தேடினேன். வெகுதூரத்தில், புல் மூடி, ஒரு பழைய குழி. வசந்தம் வந்தால் சங்கத்தில் எல்லோரும் இதைத்தான் செய்கிறோம். விழுந்த கம்பத்தை விழுந்த இடத்தில் நடுகிறோம். காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம். வருடத்துக்கு வருடம் தடம் தானாக நகர்ந்து வலதுபக்கமாகவே போயிருக்கிறது. மாடு தள்ள, சங்கம் நட, சங்கத்தின் சேவைக்குச் சங்கமே பாராட்டுப் பத்திரம் கொடுத்துக்கொள்ள.

பார்த்தீர்களா, எவ்வளவு நன்றாக வருகிறது? அர்லிஸ் நிரபராதி, தலைவர்தான் குற்றவாளி, மாடு சாட்சி. நீங்கள் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். கதையை இங்கேயே முடித்திருந்தால்—

முடிக்கவில்லை. எல்லாம் இவ்வளவு ஒழுங்காகப் பொருந்தினால் எழுதுகிறவன் எங்கோ கண்ணை மூடிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம்.

5

மேட்டின் உச்சிக் கம்பத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் விட மூன்று விதமாக முயன்றேன்.

அந்தச் சரிவில் மாடு ஏறாது. கம்பத்தில் ஒரு மயிர் இல்லை. அது வலதுபக்கம் காட்டுகிறது. அதன் அடியில் சுற்றிலும் இங்கத்து மேடுகளில் கிடைக்கும் சிவப்புச் சுட்ட கல் இறுக்கி அடைக்கப்பட்டிருக்கிறது. வேலி போட்டுப் பழகிய கை வைத்த கல். எங்கள் சங்கத்தில் யாரும் கல் வைப்பதில்லை. [சங்கத்தில் பாதிப்பேர் பண்ணையில் வளர்ந்தவர்கள். வைக்கத் தெரியாதென்று சொல்ல முடியாது. வைப்பதில்லை, அவ்வளவுதான்.]

அர்லிஸிடம் போனேன். முள்கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"வா. நீ ஏதோ கதை எழுதுறியாமே. அதுல நான் சாகுறேனா?"

"இன்னும் முடிவு பண்ணல."

"செத்தா சீக்கிரம் சாகடிச்சுடு. இழுக்காத. இந்தா, இந்தப் பக்கம் பிடி."

பிடித்தேன்.

"மேல இருக்கிற கம்பம். கல்லு வெச்சு நட்டது."

"கல்லு வெச்சா நிக்கும்."

"யாரு வெச்சது?"

"பல் டாக்டர் அனுப்பினாரா?"

"இல்ல. நானாத்தான் கேக்குறேன்."

அவள் கம்பியை முறுக்கி முடித்தாள். "ஊர் மொத்தமும் வந்து கம்பத்தைப் பார்த்துட்டுப் போகுது. அந்தப் பொண்ணு கால் எப்படி இருக்குன்னு ஒருத்தனும் கேக்கல. நான்தான் போன் பண்ணினேன். இப்ப வீக்கம் வடிஞ்சிருச்சாம்."

"அர்லிஸ், 'நான் வெக்கல'ன்னு ஒரு வார்த்தை சொல்லு. அது போதும்."

"யாருக்குப் போதும்? உன் கதைக்கா?"

அவள் அடுத்த கம்பியை இழுக்கப் போனாள். நட்டவள் இப்படிப் பேசலாம். நடாதவளும், நாற்பது வருடம் பழகியவன் இப்படிக் கேட்டால், இப்படியே பேசலாம்.

6

லூத்தரன் தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தில் சங்கக் கூட்டம். தண்ணீர்க் காபி, ருபார்ப் கேக். அர்லிஸ் கோட்டைக் கழற்றாமல் கதவோரம் உட்கார்ந்திருந்தாள்.

நான் எழுந்து, விழுந்த கம்பங்களை நாமே நகர்த்திய கதையைச் சொன்னேன். சிரிப்பு வந்தது. வெண்டல் சிவந்தார். "கீழ விழுந்ததை நிமிர்த்துறது சேவை" என்றார். இன்னும் சிரித்தார்கள். அவர் காத்திருந்து கேட்டார்:

"மேட்டு மேல கல்லு வெச்சதும் மாடுதானா?"

சிரிப்பு நின்றது. வாழ்நாளில் முதல்முறையாக வெண்டல் சரியான கேள்வி கேட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. சரியான கேள்வி கேட்கும் தலைவரை வைத்துக்கொண்டு எப்படி நையாண்டி எழுதுவது?

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) அர்லிஸ் எழுந்து ஒப்புக்கொள்கிறாள். கிடாரிகளைச் சொல்லி அழுகிறாள். [அழமாட்டாள். பொய்.]

(ஆ) வெண்டலே கேட்டைத் திறந்து போட்ட நடைக்காரர் என்று தெரியவருகிறது, பழியை மறைக்க அவரே— [மார்டெல்: "டிவி பார்த்துக் கெட்டுப்போயிட்டே."]

(இ) வேறு யாரோ. [அந்த "யாரோ" மேல்தான் எனக்கு அதிக சந்தேகம். எல்லோருக்கும் வசதியானவன்.]

மூன்றையும் கிழித்துவிட்டேன். நடந்தது இதுதான்: புகார் அனுப்பலாமா என்று வெண்டல் கையைத் தூக்கச் சொன்னார். பாதிப்பேர் தூக்கினார்கள், பாதிப்பேர் தூக்கவில்லை. மார்டெல் தூக்கவில்லை. மிச்சம் நான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

கை எழுந்தால் ஒரு பெண்ணின் மந்தை சந்தைக்குப் போகும். அவள் அந்தக் கல்லை வைக்காமலே இருந்திருக்கலாம். எழாவிட்டால், அடுத்த மழைக்கு யாரோ ஒருத்தி அந்தப் பள்ளத்தில் நின்று கத்துவாள், அன்றைக்கு அர்லிஸ் அந்தப் பக்கம் வராமல் போகலாம். எனக்குத் தெரிந்ததையெல்லாம் உங்களிடம் சொல்லிவிட்டேன். கையிருப்பில் எதுவும் இல்லை. இதுவரை படித்த நீங்களும் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருப்பீர்கள், இல்லையென்று சொன்னால் நம்பமாட்டேன்.

என் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. வந்து உட்காருங்கள்.

"யாரு இது புது ஆளு?" என்கிறார் வெண்டல்.

"கதை படிக்க வந்தவங்க. தள்ளி உக்காருங்க" என்கிறாள் மார்டெல்.

"சரி, கையைத் தூக்கச் சொல்லு. தூக்கலைன்னா தூக்கலைன்னு சொல்லட்டும். காபி ஆறுது" என்கிறார் அவர்.

கதவோரம் அர்லிஸ் முதல்முறையாகத் தலையைத் திருப்பி உங்களைப் பார்க்கிறாள்.