ஏழு ஜெர்கின்கள்

கால்பந்து கிளப் செயலாளர் மேல் அக்காவுக்கு இருந்த கோபத்துக்கு வயது பதினோரு மாதம். நாளாக நாளாக ஆறிவிடும் என்று ஆறுதல் சொன்னவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டார்கள். ஆற விட்டால்தானே ஆறும்? அவள் அதை அடுப்பிலிருந்து இறக்கவே இல்லை.

மைதானத்தின் பின்வாசலுக்கு எதிரே அவள் கடை. சட்டையில் பெயரும் எண்ணும் ஒட்டித் தருவதுதான் தொழில். எழுத்து வெட்ட ஒரு மெஷின், சூடு வைத்து அழுத்த ஒரு மெஷின், ஆளுயரக் கண்ணாடி, வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. கிளப் ஆட்டக்காரர்களின் சட்டையும் அவளிடம்தான், ரசிகர்களின் சட்டையும் அவளிடம்தான். வழுக்கை விழுந்தவர்கள்கூட அவளை அக்கா என்றே கூப்பிடுவார்கள். உண்மையில் அவள் அக்கா ஒரே ஒருவனுக்கு. அந்தத் தம்பிதான் ஒன்பது வருஷம் ஐந்தாம் நம்பர் போட்டு, கோலுக்கு முன்னால் மலைபோல நின்றவன். ரசிகர்கள் அவனுக்கு வைத்த பெயர் சுவர்.

பதினோரு மாதத்துக்கு முன்னால் சீசன் சட்டைகளுக்கான பட்டியல் கடைக்கு வந்தது. ஐந்தாம் நம்பருக்கு நேரே வேறு யாருடைய பெயரோ இருந்தது. டைப் அடித்தவர் தூங்கிவிட்டார் போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே அக்கா ஆபீசுக்கு ஃபோன் போட்டாள். எடுத்தது செயலாளரே.

"தப்பெல்லாம் இல்லையே, பிரிண்டிங்கம்மா. ஏன், உங்க தம்பிகிட்ட யாரும் சொல்லலையா?"

வெள்ளிக்கிழமைக்குள் சட்டை வேண்டும் என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார்.

யாரும் சொல்லவில்லை. முழங்கால் தேய ஓடியவனுக்கு வேலை போன சேதியை, அன்று பயிற்சி முடிந்து தோளில் பையோடு அவன் கடைக்குள் நுழைந்தபோது, அவள்தான் சொன்னாள். தன் வாயாலேயே சொல்ல வைத்தார்களே என்பதுதான் அவளுக்கு இன்றுவரை தொண்டையில் நிற்கிறது. தம்பி பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்தான், மறுபடி கட்டினான். மெஷினில் புது ஐந்தாம் நம்பர் சட்டை விரித்துக் கிடந்தது. பதினைந்து விநாடி அழுத்த வேண்டியதை ஏழிலேயே தூக்கிவிட்டால் மூன்றாவது ஆட்டத்தில் எழுத்தெல்லாம் உரிந்து தொங்கும். அவள் கை போன போக்கைப் பார்த்தே தம்பி புரிந்துகொண்டான்.

"அந்தப் பையன் என்னக்கா பண்ணான்? நல்லா ஒட்டு."

ஒட்டினாள். இப்போது தம்பி பால் வண்டி ஓட்டுகிறான். மைதானத்தைப் பார்க்க வேண்டாம் என்று இரண்டு தெரு சுற்றிப் போகிறான். அதையும் அவள் கணக்கில் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை கடை பெஞ்சில் கிளப்பைக் கிழித்துத் தொங்கவிடுவது வழக்கம். பஸ் டிரைவரும் மருந்துக்கடைக்காரரும் நிரந்தர உறுப்பினர்கள். டிரைவருக்குப் பயிற்சியாளர் மேல் கோபம். மருந்துக்கடைக்காரரோ பயிற்சியாளர் வெறும் பொம்மை, சாவி கொடுப்பது நிர்வாகம் என்பார். இடது ஓரத்தில் பறந்து ஆடிய கொக்கு என்ற ஆட்டக்காரனை விற்ற சேதியே எதிர் டீமின் ஃபேஸ்புக் பக்கத்தைப் பார்த்துத்தானே தெரிந்தது என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். கிளப் தன் பக்கத்தில் "முக்கிய அறிவிப்பு விரைவில்" என்று போட்டு நான்கு மாதம் ஆகிறது, அறிவிப்பைக் காணோம். பந்து கையில் நிற்காத புது கோல்கீப்பருக்கு வெண்ணெய் என்று பெயர் வைத்தாகிவிட்டது. கடைசியில் இருவரும் வந்து சேரும் இடம் ஒன்றுதான்: சுவர் இருந்திருந்தால் இந்த நிலைமை வருமா? அப்போது இருவரும் அக்காவைப் பார்ப்பார்கள். அவள் எழுத்து வெட்டிக்கொண்டே இருப்பாள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை கிளப் தலைவர் வீட்டிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. கமிட்டி ஆட்கள் ஏழு பேருக்கு நீல ஜெர்கின், முதுகில் பதவி, அதன் கீழே பெயர். செயலாளர் என்ற பதவிக்குக் கீழே தலைவரின் மருமகன் பெயர் இருந்தது. அக்கா மூன்று தடவை படித்தாள். பழக்கதோஷத்தில் கை ஃபோனுக்குப் போனது. பாதியில் நிறுத்தினாள். இந்தத் தடவை தப்பா என்று கேட்கவேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

நான்கு நாள் அவளுக்குச் சாப்பாடு ருசித்தது. வருஷா வருஷம் செயலாளர் தானே வந்து, கண்ணாடி முன்னால் தன் ஜெர்கினைப் போட்டுப் பார்த்து, முதுகு தெரிய இப்படியும் அப்படியும் திரும்பி, பிறகு மொத்தத்தையும் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போவார். சனிக்கிழமை காலை அவரே ஃபோன் செய்தார், ரெடியா என்று. ரெடி, வாங்க என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஏழு ஜெர்கினையும் முதுகு சுவர்ப்பக்கம் இருக்கும்படி மாட்டிவைத்தாள்.

அவர் வந்தபோது பெஞ்சில் டிரைவரும் மருந்துக்கடைக்காரரும் இருந்தார்கள். என் சைஸ் எதும்மா என்று கேட்டபடி முதல் ஜெர்கினைத் திருப்பினார். தலைவர். அடுத்தது பொருளாளர். நான்காவதில் செயலாளர் என்று பார்த்ததும் முகம் மலர்ந்து கொக்கியிலிருந்து எடுத்தார், கீழே படித்தார். மறுபடி மாட்டிவிட்டு மிச்சம் மூன்றையும் திருப்பினார். பிறகு முதலிலிருந்து ஏழையும் ஒவ்வொன்றாகத் தேடினார். டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மருந்துக்கடைக்காரர் அவர் தொடையைத் தட்டி அடக்கினார்.

"இதுல ஏதோ தப்பு இருக்கு, பிரிண்டிங்கம்மா."

அதற்கான பதிலைப் பதினோரு மாதமாகக் கண்ணாடி முன்னால் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தாள். குரல் உயராமல், அவர் அன்று சொன்ன மாதிரியே சொன்னாள்.

"தப்பெல்லாம் இல்லையே. ஏன், உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

அவருக்கு உடனே ஞாபகம் வந்தது என்பதை அவர் காது சிவந்ததிலேயே கண்டுகொண்டாள். வயிறு குளிர்ந்தது. இது போதாது, இன்னும் வேண்டும் என்றும் இருந்தது.

"எப்ப வந்தது இந்தப் பட்டியல்?"

"செவ்வாய்க்கிழமை."

"நாலு நாளா தெரியுமா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அக்கா."

இத்தனை வருஷத்தில் அவர் அவளை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"சொல்லியிருக்கலாம்தான்" என்றாள்.

அவர் பெஞ்சில், தம்பி அன்று உட்கார்ந்த அதே ஓரத்தில், உட்கார்ந்தார். டிரைவர் நகர்ந்து இடம் கொடுத்தார். நான்காவது ஜெர்கின் எப்படியோ மடியில் வந்திருந்தது. மருமகன் பெயரின் முதல் எழுத்து ஓரத்தை அவர் கட்டைவிரல் நகம் சுரண்டியது. சுரண்டுவது அவருக்கே தெரியவில்லை போலிருந்தது.

அக்கா மற்ற ஆறையும் மடித்துக் கட்டி, ரசீதையும் பேனாவையும் அவர் முன்னால் நீட்டினாள். கையெழுத்துப் போடும் கோட்டுக்கு அடியில் செயலாளர் என்று அச்சடித்திருந்தது. அதன் மேல் விரலை வைத்துக் காட்டினாள்.

"சுரண்டாதீங்க. அது உரியாது. நல்லா ஒட்டச் சொல்லி என் தம்பி சொல்லிட்டுப் போயிருக்கான்."