கொய்யா பறித்த வலை

தெருவில் அவருக்குப் ‘பொறுப்பு சார்’ என்று பெயர். யாராவது எதையாவது கேட்டு வாயை மூடுவதற்குள் "அது என் பொறுப்பு, நீங்க நிம்மதியா இருங்க" என்பார். சொல்வதோடு சரி. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர் அல்லவா, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர்களை ஓட்டவைத்தே பழகிவிட்டார்.

பக்கத்து வீட்டு டீச்சரின் கணவருக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துபோய், இருவரும் வைத்தியத்துக்காக மகள் வீட்டுக்குக் கிளம்பியபோதும் இவர்தான் முந்திக்கொண்டார். அந்த வீட்டுப் பின்பக்கம் சின்னதாக ஒரு நீச்சல் குளம். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் போடுகிறேன் என்ற டீச்சரைத் தடுத்ததும் இவரேதான். "குத்துக்கல்லாட்டம் நான் இருக்கேன், ஆள் எதுக்கு டீச்சர்?" சாவி, குளோரின் பொடி டப்பா, இலை அள்ளுகிற நீளக் கம்பு வலை எல்லாவற்றையும் கைநீட்டி வாங்கிக்கொண்டார்.

முதல் வாரம் ஒழுங்காகப் போனார். அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம் இடுப்பு வலி. அப்புறம் மழையும் இல்லை, வலியும் இல்லை, போகவும் இல்லை. வலை மட்டும் சும்மா இருக்கவில்லை. அவர் வீட்டுக் கொய்யா மரத்தின் உச்சிக் கிளைக்கு அளவெடுத்துச் செய்தது போல எட்டியது. குளோரின் பொடி அவர் வீட்டுப் பாத்ரூம் தரையைப் பளபளப்பாக்கிவிட்டுத் தீர்ந்தது.

ஞாயிறுதோறும் டீச்சர் போன் செய்வார். "தண்ணி எப்படி இருக்கு தம்பி?"

"கண்ணாடி மாதிரி இருக்கு டீச்சர். அடியில ஊசி கிடந்தாலும் தெரியும்."

போனை வைத்ததும் அவர் மனைவி நிமிர்ந்து பார்ப்பாள். "என்னங்க, வாய் கூசலையா உங்களுக்கு?"

"நாளைக்கே போய்ச் சரி பண்ணிடறேன். அப்புறம் அது பொய்யா என்ன? விடு."

கூசத்தான் செய்தது. கூசியதால்தான் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. கதவைத் திறந்தால் குளத்தைப் பார்த்தாக வேண்டுமே!

அவர் பார்க்காவிட்டால் என்ன, தெரு பார்த்தது. தண்ணீர் பாசி பிடித்துப் பச்சைக் குழம்பாகி, நாற்றமும் கொசுவும் வீடு வீடாக விருந்துக்கு வந்தன. எதிர்வீட்டுத் தையல்காரர் தன் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். குழந்தையின் முகமெல்லாம் கொசுக்கடித் தடிப்பு. "உங்களுக்குத் தெரிஞ்சவங்கதானே சார்? இப்படியா போட்டுட்டுப் போவாங்க?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சாவி சட்டைப்பையிலேயே இருந்தது. பாவி மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா? "வசதி இருக்கறவங்களுக்கு அடுத்தவன் கஷ்டம் எங்க தெரியுது?" அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவியும் ஏனென்று கேட்கவில்லை.

ஒரு நாள் காலையில் டீச்சர் போன் செய்தார், ஞாயிறு கூட இல்லை. குரலில் அத்தனை சந்தோஷம். "தம்பி, தண்ணிக்குள்ள நடந்து பழகினா கால் தேறும்னு டாக்டர் சொல்லிட்டார். பொதுக் குளத்துக்கு வர மாட்டேன்னு இவர் ஒரே அடம், நாலு பேர் பாப்பாங்களாம். நம்ம வீட்டுக் குளம்தான் சுத்தமா இருக்கேன்னு கிளம்பிட்டோம். இதோ, வந்துட்டே இருக்கோம்."

பொறுப்பு சார் வலையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பூட்டு துருவேறி மக்கர் பண்ணித் திறந்தது. ஒரு வலை பாசியை அள்ளிப் போட்டால் அடியிலிருந்து இன்னொன்று மேலே வந்தது. தவளை ஒன்று படிக்கட்டில் உட்கார்ந்து, வீட்டுக்காரர் மாதிரி அவரை முறைத்தது. அள்ளினார், அள்ளினார், சட்டை முழுக்கப் பச்சையானதுதான் மிச்சம். வாசலில் கார் வந்து நின்றது.

டீச்சர் இறங்குவதற்குள் தையல்காரர் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, நல்லா இருக்கா இது? குழந்தைங்க கடி வாங்கிச் சாகுது, உங்களுக்கு ஈவு இரக்கமே கிடையாதா?"

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. சத்தம் கேட்டு, கையில் வலையோடு வெளியே வந்த பொறுப்பு சாரைப் பார்த்தார். பச்சைச் சட்டையைப் பார்த்தார். வலை முடிச்சில் சிக்கியிருந்த கொய்யா இலையையும் பார்த்தார். அவர் முகம் மெல்ல மாறியது.

"தப்பு எங்களோடதுதாங்க" என்றார் தையல்காரரிடம். "ஆள் போட்டுட்டுப் போயிருக்கணும்."

காட்டிக்கொடுக்கவில்லை! நாலு அறை விட்டிருந்தால்கூடப் பொறுப்பு சார் தாங்கியிருப்பார். இது தாங்க முடியாமல் போயிற்று.

"இல்லீங்க" என்றார். "சாவி என்கிட்டதான் இருந்துச்சு. பாத்துக்கறேன்னு வாங்கினவன் நான். கண்ணாடி மாதிரி இருக்குன்னு வாராவாரம் பொய் சொன்னவனும் நான்தான்."

தையல்காரர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போனார். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று பொறுப்பு சார் நினைத்திருந்தார். இறங்கவில்லை.

"அழுக்கா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கோவிச்சுக்கப் போறேனா தம்பி?" என்றார் டீச்சர். "இவரை இப்படி ஆசை காட்டிக் கூட்டிட்டு வந்திருக்க மாட்டேனே."

காருக்குள் டீச்சரின் கணவர் நீச்சல் டிரவுசரும் கழுத்தில் துண்டுமாகத் தயாராக உட்கார்ந்திருந்தார். வெளியே நடந்தது அவருக்குப் பாதிதான் கேட்டிருக்கும். குழறிய குரலில் மனைவியைக் கேட்டார். "அப்போ... இன்னிக்கி இல்லையா?"

டீச்சர் தலையை மட்டும் அசைத்தார்.

அவர் நல்ல கையால் துண்டைக் கழுத்திலிருந்து எடுக்கப் பார்த்தார். அது பின்னால் சிக்கிக்கொண்டது. பொறுப்பு சார் வலையைக் கீழே போட்டுவிட்டு, உதவலாமென்று குனிந்து கையை நீட்டினார்.

"வேணாம்" என்றார் அவர். "நானே எடுத்துக்கறேன்."