ஈரம் துடைத்த துண்டு

நனைந்த சரக்கைக் கண்டால் வெள்ளைத்துரையின் கை சும்மா இராது. தி. நகரில் அவருக்குத் துணிக்கடை; மழைத்தண்ணீர் உள்ளே வந்த வருடங்களில் பட்டுச் சேலைகளை ஒற்றி ஒற்றிக் காப்பாற்றிய கை. அந்தக் கைதான் மீனையும் துடைத்தது. கேட்டவர்களுக்குச் சிரிப்பு வரலாம். அவருக்கு வரவில்லை.

அது அவர் மனைவி சுந்தரவல்லியின் மீன். அவள் போய் இன்னும் வருடம் திரும்பவில்லை. முன்னறைத் தொட்டியில், முழங்கை நீளத்துக்கு, வெள்ளிச் செதிலுடன் வளர்ந்த அரோவனா. அவள் விரலிலிருந்தே இறாலைப் பிடுங்கித் தின்னும். ஒரு நாள் காலையில் தொட்டி மூடியைத் திறந்தவர் போனை எடுக்கத் திரும்பினார். மீன் துள்ளித் தரையில் விழுந்துவிட்டது. பதறிப்போய், புதுத் துண்டில் சுற்றி, தூசு போகத் துடைத்துத் தண்ணீரில் விட்டார். மாலைக்குள் அதன் விலாவில் வெள்ளை படர்ந்துவிட்டது. இதுவும் போய்விட்டால் அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று நிஜமாகவே பயந்தார்.

மகள் லாவண்யா அடையாறில் ஒரு மீன் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள். வந்ததும் தொட்டியில் உப்பைக் கரைத்தாள். வாளியில் ஈரத்தோடு கிடந்த துண்டிலிருந்து ஒரு செதிலை எடுத்து, நீலச் சாயமிட்டு, கையோடு கொண்டுவந்த மைக்ராஸ்கோப்பில் வைத்தாள்.

“பாருங்கப்பா. நீலமா உருண்டை உருண்டையா தெரியுதா? வழவழப்பு சுரக்கிற செல். கிருமி உள்ள வராம அந்த வழவழப்புதான் தடுக்குது.”

சாயம் பிடித்த இடத்தையும் பிடிக்காத இடத்தையும் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பக்கம் நீலமே இல்லை.

“இங்கன?”

“அங்க தோலே இல்லப்பா. துண்டோட போயிடுச்சு.”

“மெதுவாத்தான் தொடச்சேன். ஈரமா இருந்துச்சுல்லா.”

“நம்ம தோல்ல மேல இருக்கறது செத்த செல். தேய்ச்சாலும் தாங்கும். மீனுக்கு வெளி ஓரம் வரைக்கும் உயிர் இருக்குப்பா. நமக்கு மெத்துனு இருக்கற துணி அதுக்கு அரம் மாதிரி.”

வெள்ளைத்துரை கண்ணை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில், வியர்த்திருந்த சுந்தரவல்லியின் கையை மெல்லிய மல் துணியால் ஒற்றப் போனார். “தொடாதிய” என்று கையை இழுத்துக்கொண்டாள். அவரிடம் அவள் பேசிய கடைசி வார்த்தை அது. தன்மேல் என்ன கோபமோ என்று அன்றிலிருந்து நெஞ்சுக்குள் அறுத்துக்கொண்டிருந்தது. மகளிடம்கூடச் சொன்னதில்லை.

“ஒங்கம்மைக்கு மருந்துல தோல் உரிஞ்சுதுல்லா,” என்றார். “அவளுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ?”

“ஆமாப்பா. மேல் தோல் போயிட்டா காத்து பட்டாலே எரியும். கடைசியில அம்மா என்னையும் தொடவிடல.”

“ஒன்னையுமா?”

கோபமில்லை என்று தெரிந்ததில் நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆனால், அவள் வலியைக் கோபமென்று எண்ணிவிட்டோமே என்று அழுகைதான் வந்தது. மகள் முன்னால் அழுதார்.

மீன் பிழைத்துக்கொண்டது. சுற்றியிருந்த தோல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்து புண்ணை மூடியது. ஒரு காலை அது மேலே வந்து, சுந்தரவல்லி விரல் நீட்டும் மூலையில் வாயைத் திறந்து நின்றது. அதன் முதுகு கைக்கு எட்டும் தூரத்தில் பளபளத்தது. வெள்ளைத்துரை இறாலை மேலிருந்தே போட்டுவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“தொடல, வல்லி,” என்றார்.