வெளியிட்டவர்: தெரியாதவர்

என் சகலையின் பெயரில் உறவினர் அத்தனை பேருக்கும் அந்த அசிங்கமான மின்னஞ்சல் போய்க்கொண்டிருந்தபோது, அவர் மொட்டை மாடியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பரிசு விழுந்திருக்கிறது என்று வந்த ஒரு செய்தியை நம்பி, கேட்ட இடத்தில் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டிருக்கிறார். ஆண்மை மருந்து விளம்பரம், படத்தோடு. பழைய மேலதிகாரிக்குப் போனது, சம்பந்தி வீட்டுக்கும் போனது. சம்பந்தியம்மாள் பேரக்குழந்தையின் புகைப்படம் என்று நினைத்துக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு திறந்தாராம். அன்று முதல் குடும்பத்தில் சகலைக்குப் 'பரிசு' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எடை அளவு ஆய்வாளராகக் கடை கடையாய் ஏறித் தராசுகளைச் சோதித்தவன் நான். என் பெயரில் ஒரு சொல் கோணலாக வெளியே போனதில்லை. என் கணினியில் எங்கள் குடும்ப வரலாறு பாதி எழுதிய நிலையில் இருக்கிறது. முகவரிப் பட்டியலில் பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். மருமகனைக் கூப்பிட்டேன்.

அவர் காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பு மதிப்பிடுகிறவர். எந்த அறைக்குள் நுழைந்தாலும் அது எப்படித் தீப்பிடிக்கும் என்றுதான் முதலில் பார்ப்பார்.

"நான் அப்பவே சொன்னேனே மாமா. நல்லதா ஒரு ஆன்டிவைரஸ் போட்டுடுவோம்."

"உள்ளேயே ஒண்ணு இருக்கு, அதுவே போதும்னு சொல்றாங்களே."

"யாரு சொன்னா?"

நான் பேச்சை மாற்றினேன். சொன்னவன் என் மகன்.

எனக்கும் அவனுக்கும் பேச்சு நின்று வருடங்கள் ஆகின்றன. காரணத்தை இங்கே எழுதப்போவதில்லை. வீட்டு விஷயம் வீட்டோடு. அவனுக்கும் என் முதுகெலும்புதான், வளையாது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். அவன் அம்மா காலமானபோது கடல் தாண்டி வந்தான். வந்தவர்களையெல்லாம் கவனித்தான். என்னிடம் "தண்ணி வேணுமா" என்பதற்கு மேல் பேசவில்லை. புறப்படும் நாளில் என் கணினியின் முன்னால் உட்கார்ந்து நெடுநேரம் தட்டிக்கொண்டிருந்தான். பிறகு தங்கையிடம், எனக்குக் கேட்கும்படியாகச் சொன்னான்.

"தனியா ஆன்டிவைரஸ் எதுவும் வாங்க வேணாம்னு சொல்லு. இதுலேயே ஒண்ணு இருக்கு. அப்டேட்டை நிறுத்தாம, கண்டதைத் தொடாம இருந்தா போதும்."

"நான் கண்டதைத் தொடறவன் இல்லேன்னு சொல்லும்மா" என்றேன்.

மகள் நடுவில் நின்று இருவரையும் பார்த்தாள். "நான் என்ன இந்த வீட்டுக்குப் போஸ்ட் ஆபீஸா?"

அவன் போன இரண்டாம் நாள் காலையில் கணினியைப் போட்டேன். திரையின் ஓரத்தில் வெளிர்நீலத்தில் ஒரு சிறு பெட்டி எழுந்தது. அதில் ஒரே வரி: 'வந்து சேர்ந்தேன்.' கீழே 'சரி' என்று ஒரு பொத்தான். அழுத்தினேன். மறைந்துவிட்டது.

மறுநாள் இன்னொன்று. 'இங்கே மழை. குடையை அலுவலகத்தில் மறந்துவிட்டேன்.' அவனாகவே எழுதிய ஏதோ ஒரு நிரல். அவன் அங்கே ஒரு வரி எழுதினால் இங்கே என் திரையில் வரும். நான் பதில் எழுத அதில் இடம் வைக்கவில்லை. என்னைத் தெரிந்துதான் வைக்கவில்லை. 'புது வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது' என்று ஒரு நாள் வந்தது. லிஃப்ட் இருப்பதை எனக்கு எதற்குச் சொல்கிறான்? என் முழங்கால் அவனுக்குத் தெரியும். அன்று அந்தப் பெட்டியை மூடாமல் மதியம் வரை வைத்திருந்தேன்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் காலையில் சவரம் செய்து, சட்டை போட்டுக்கொண்ட பிறகுதான் கணினியைப் போடுவது என்று எனக்குள் ஒரு பழக்கம் வந்துவிட்டது.

சகலை விவகாரத்துக்காக வந்த மருமகன் அந்த ஆன்டிவைரஸை ஏற்றி, எனக்காகத் தமிழுக்கும் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை, நீலப் பெட்டி வருவதற்கு முன்பே சிவப்பில் ஒரு பெரிய பெட்டி வந்து நின்றது. 'சந்தேகத்துக்குரிய நிரல் கண்டறியப்பட்டது. அனுமதியின்றி இயங்குகிறது. வெளியே தொடர்புகொள்கிறது.' கீழே ஏதோ நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும். நீக்கவா, அனுமதிக்கவா என்று கேட்டது. என் வீட்டுக்குள் இருந்துகொண்டு வெளியே தொடர்பா? 'நீக்கு' என்பதை அழுத்தமாகவே அழுத்தினேன். சகலையின் நிலைமை எனக்கு வராமல் போயிற்று என்று ஒரு கர்வம்கூட வந்தது.

அன்று மகனின் வரி வரவில்லை. வேலையாக இருப்பான். மறுநாளும் இல்லை. அந்த வாரம் முழுவதும் வரவில்லை.

கணினியை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தேன். திரையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் குடும்ப வரலாற்றில் ஒரு பத்திகூட நகரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று பயந்தேன். அப்போது பார்த்து மகள், "அண்ணன் நேத்து பேசினான்பா, நல்லா இருக்கான்" என்றாள். நல்லாத்தான் இருக்கிறான். அப்படியானால் எழுத வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறான்.  மகளிடம் கேட்டிருக்கலாம். அவனாக ஆரம்பித்ததை அவனாக நிறுத்தினால், ஏன் நிறுத்தினாய் என்று நான் போய் நிற்பதா? நிற்கவில்லை. ஆனால் சவரம் செய்வதை மட்டும் விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். மகள் பாத்திரத்தைத் துடைத்தபடியே கேட்டாள்.

"அப்பா, நீங்க இப்பல்லாம் கம்ப்யூட்டரே போடறதில்லையா?"

"தினமும் போடறேன். ஏன்?"

"அண்ணன் கேக்கச் சொன்னான். சரி பட்டனை நீங்க அமுக்கினா அவனுக்கு அங்க தெரியுமாம். அமுக்கறதே இல்லையாம். 'அப்பாவுக்குப் பிடிக்கலேன்னா விட்டுடறேன்'னு சொன்னான். அது என்னப்பா பட்டன்?"

 நான் அழுத்திய ஒவ்வொரு 'சரி'யும் அவனுக்குப் போயிருக்கிறது! இத்தனை நாள் அவன் அங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டே, அப்பா என்னை ஒதுக்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"மாப்பிள்ளை, இங்க கொஞ்சம் வாங்க" என்றேன்.  அவர் முன்னால் நான் எதையும் விரித்துப் பேசியவன் அல்ல. அன்று எல்லாவற்றையும் சொன்னேன்: நீலப் பெட்டி, குடை, லிஃப்ட். அவர் கணினியில் எதையோ திறந்து, கீழே தள்ளிக்கொண்டே போய் நிறுத்தினார்.

"இதோ இருக்கு மாமா. இது ஒண்ணும் அழிஞ்சு போகல, பூட்டி வச்சிருக்கு, அவ்வளவுதான். ஆனா..." மெல்லச் சிரித்தார். "நீக்கச் சொன்னது நீங்கதான்னு எழுதியிருக்கு."

"எழுதியிருக்கட்டும். வெளிய விடுங்க."

"உங்களைத்தான் கேக்குது. படிங்க."

படித்தேன். 'இந்த நிரல் ஆபத்தானதாக இருக்கலாம். வெளியிட்டவர்: தெரியாதவர். இவரை நம்புகிறீர்களா?'

"யாருடா தெரியாதவன்?" என்று கத்திவிட்டேன். "அவன் என் பிள்ளை!"

 மகள் துடைத்த பாத்திரத்தையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தையை அவள் என் வாயிலிருந்து கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்றோ.

"அதைக் கம்ப்யூட்டர்கிட்ட கத்தினா அதுக்குக் கேக்காது மாமா" என்றார் மருமகன். "ஆமாங்கிறதை அமுக்குங்க."

அமுக்கினேன்.

நீலப் பெட்டி எழுந்தது. 'படிக்கிறீர்களா என்று தெரியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது.'

"இதுக்கு முன்னாடி எழுதினதெல்லாம் எங்க?"

"புதுசு வந்தா பழசு போயிடற மாதிரி பண்ணியிருக்கார் மாமா. கடைசி வரிதான் நிக்கும்." அவர் தயங்கினார். "இந்த ஆன்டிவைரஸை எடுத்துடவா? உங்களுக்கு உள்ள இருக்கறதே போதும். மச்சான் சொன்னது சரிதான்."

"எடுத்துடுங்க" என்றேன். என் மனம் அதில் இல்லை. எத்தனை காலை நேரங்கள், எத்தனை வரிகள்! ஒன்றுகூட என்னிடம் இல்லை. மகளிடம் கையை நீட்டினேன்.

"போனைப் போட்டுக் குடும்மா."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போட்டுக் கொடுத்தாள். மணி அடித்தது. "சொல்லு பாப்பா" என்றான்.

"நான்தான்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"நடுவுல நீ எழுதினது எதுவும் எனக்கு வரல" என்றேன். "என்ன எழுதின?"

"பெருசா ஒண்ணும் இல்லப்பா. பஸ்ஸு, ஆபீஸு, சமையல்... அதையெல்லாம் யாரு ஞாபகம் வச்சிருக்கா?"

"யோசிச்சுச் சொல்லு. எனக்கு வேற வேலை இல்ல."

நான் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மருமகன் எழுந்து மகளைக் கூட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்டா. சொல்லு."