ரவிக்கைத் துணி இல்லாத சீலை

கப்பல் ஏறிய பிறகுதான் மருதாத்தாளுக்குத் தெரிந்தது, இனி ஐந்து நாளைக்குக் கரையே கிடையாது என்று. மகன் பூபதிராஜா அதைப் பெருமையாகச் சொன்னான். சிங்கப்பூரில் ஏறி, அவன் வேலை பார்க்கும் ஆஸ்திரேலியாவில் இறங்கும்வரை அப்பாவும் அம்மாவும் சும்மா உட்கார்ந்து சாப்பிட வேண்டுமாம். நாற்பது வருஷம் மாடும் தென்னையுமாகக் கிடந்தவர்களை ஒரே நாளில் சும்மா உட்காரவைக்க முடியும் என்று நம்புகிற பிள்ளைகளை என்ன சொல்வது?

அவள் கணவர் ஆறுமுகசாமி உட்காரவே இல்லை. விடிந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேல்தளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். சொந்த ஊர் வேலந்தாவளத்தில் தோப்பு வரப்பைச் சுற்றுகிற அதே நடை. மருதாத்தாள் சன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்த்தாள். பார்க்க என்ன இருக்கிறது? நேற்றுப் பார்த்த அதே தண்ணீர்தான். காலைப் பலகாரத்துக்கும் மத்தியானச் சோற்றுக்கும் நடுவில் ஒரு யுகம் கிடந்தது. அந்த நேரமெல்லாம் அவள் மனசு ஊரில் பங்காளி குருசாமி வீட்டு பீரோவைத்தான் சுற்றியது.

அந்த பீரோவில் ஒரு சீலை இருந்தது. கணவரின் அக்கா சரஸ்வதியம்மாளுக்காக அவள் எடுத்த கோடிச் சீலை.

அக்காவும் தம்பியும் பேசி ஒன்பது வருஷம் ஆகிறது. தம்பியின் கிணற்றை ஒட்டி அக்கா வீட்டார் போர் போட்டார்கள். அந்தக் கோடையிலேயே கிணறு வற்றிப்போனது. “உன் சாவுக்குக்கூட வரமாட்டேன்” என்று ஊர் கேட்கக் கத்தினார் ஆறுமுகசாமி. வாயைத் திறந்தால் மூட நேரம் தெரியாத மனிதர். இப்போது அக்கா சிறுநீரகம் கெட்டுப் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி போடாமல் பிணத்தை எடுக்கமாட்டார்கள். அந்த வீட்டுக்கு மிச்சம் இந்த ஒரே தம்பி. அவரோ கடலுக்குப் போகிறார்.

ஆகவே புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, யாருக்கும் சொல்லாமல் பாலக்காட்டில் ஜப்பார் கடைக்குப் போய், அரக்குக் கரை போட்ட வெந்தய நிறச் சீலை ஒன்று எடுத்தாள்.

“ரவிக்கைத் துணி பார்க்கலையாம்மா?” என்றார் ஜப்பார்.

“வேண்டாமுங்க.”

உயிரோடு இருப்பவளுக்குச் சீர் வைத்தால் ரவிக்கைத் துணியும் சேர்த்து வைப்பார்கள். கோடிக்கு அது கிடையாது. எத்தனையோ சாவுக்குத் துணி கொடுத்த ஜப்பார் புரிந்துகொண்டு, கடைப் பையை விட்டுவிட்டுப் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். “அப்பிடி எதாச்சும்னா எங்க வீட்டுக்காரரு பேரச் சொல்லிப் போட்டுருங்க” என்று குருசாமியிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் அவள் விமானம் ஏறினாள்.

கப்பலில் வந்து உட்கார்ந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. மூச்சு இருக்கிறவளுக்குக் கோடி எடுக்கலாமா? வாசலில் நின்ற எமனை உள்ளே கூப்பிட்ட மாதிரி ஆகாதா? தட்டில் போட்ட சோறு அப்படியே கிடந்தது. கப்பல் ஆட்டம் என்று நினைத்து மகன் மாத்திரை வாங்கிக் கொடுத்தான். அதையும் விழுங்கிவைத்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் பூபதிராஜா கைப்பேசியோடு ஓடிவந்தான்.

“அப்பா, குருசாமி சித்தப்பா போட்டோ அனுப்பியிருக்காருங்க. நீங்க குடுத்த சீலையக் கட்டிட்டு அத்தை உக்காந்திருக்காங்க.”

“நான் எந்தச் சீலையக் குடுத்தேன்?”

மருதாத்தாள் கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். படத்தில் அவளுடைய நங்கை சரஸ்வதியம்மாள் கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்தாள். வற்றிய உடம்பில் வெந்தய நிறச் சீலை. தம்பி வீட்டுச் சீலை பீரோவில் இருக்கிற சங்கதி குருசாமி பெண்டாட்டி வாயிலிருந்து எப்படியோ அவள் காதுக்குப் போயிருக்கிறது. இப்போதே கட்டியாக வேண்டும் என்று நங்கை பிடிவாதம் பிடித்தாளாம்.

மருதாத்தாள் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். ஆறுமுகசாமி எழுந்து நின்றார்.

“உசுரோட இருக்கறவளுக்குக் கோடி எடுத்தயா?”

“நீங்க போகமாட்டீங்க. யாராச்சும் போடோணுமில்லீங்க.”

அவர் தளத்துக்குப் போனார். மருதாத்தாள் சன்னல் வழியாகப் பார்த்தாள். ஒரு சுற்று. இரண்டாம் சுற்று. மூன்றாம் சுற்றில் பாதியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதைக் கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்ததில்லை. எழுந்து போகலாமா என்று நினைத்தாள், போகவில்லை.

திரும்பி வந்தவர் மகனிடம், “கூப்புடு” என்றார்.

நடுக்கடலில் தொடர்பு விட்டுவிட்டுத்தான் கிடைத்தது. ஐந்தாறு தடவை அறுந்து, பிறகு ஒரு மெலிந்த குரல் வந்தது.

“யாரு, ஆறுமுகனா?”

ஊர் கேட்கக் கத்திய வாய் திறக்கவில்லை. மருதாத்தாள் அவர் முழங்கையைத் தொட்டாள்.

“அக்கா” என்றார்.

அந்தப் பக்கம் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது.

“எங்கடா இருக்கற?”

“கடல்ல, அக்கா. கரைக்கு இன்னும் ரெண்டு நாளாகும்.”

“சீல நல்லாருக்குது. ஆனா ரவிக்கத் துணி வெக்காம உட்டுட்டியே, சாமி.”

மருதாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டாள். நங்கைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கோடி என்று தெரிந்தேதான் கட்டியிருக்கிறாள்.

“எடுத்துட்டு வர்றேன், அக்கா. எறங்குனதும் பிளேன் ஏறீர்றேன். நானே கொண்டாந்து தர்றேன்.”

“வா. அதுவரைக்கும் கெடக்கறேன்.”

தொடர்பு அறுந்தது. பூபதிராஜா அப்போதே விமானச் சீட்டு தேட ஆரம்பித்தான். ஆறுமுகசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார்.

“வெந்தயக் கலருக்கு எந்த ரவிக்க சேரும், புள்ள?”

“அரக்குங்க.”

“அரக்கு” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, அவர் கரை இருக்கிற திசை எது என்று மகனிடம் கேட்டார்.