சுத்தமான சவுண்டு கார்டு

கடைக்கு வர்றவன்ல பாதிப் பேரு பொருள் வாங்க வர்றதில்ல, என் உசுர வாங்கத்தான் வர்றான். ஒரகடம் கூட்ரோட்லேர்ந்து வடக்குப்பட்டு போற ரோட்ல என் கடை கீது. ரீசார்ஜ், மெமரி கார்டு, ஹெட்போன், பழைய லேப்டாப்பு. போர்டுல 'சாம்சன் கம்ப்யூட்டர்ஸ்'னு பெருசா எழுதியிருக்கும், உள்ள நாலு பேரு நின்னா அஞ்சாவது ஆளு ரோட்லதான் நிக்கணும். ஷிப்டு வுட்டா யூனிஃபார்மோட கும்பலா வந்து பூருவானுங்க. இருக்கிற ஹெட்போனை எல்லாம் பிரிச்சு காதுல மாட்டிப் பாத்துட்டு, "அடுத்த மாசம் வர்றேண்ணே"ன்னு போய்க்கினே இருப்பானுங்க. பத்திக்கினு வரும் எனக்கு. ஆனா அவனுங்க இல்லன்னா என் வூட்ல அடுப்பு எரியாது, அதுவும் தெரியும். அதனால வாயைப் பொத்திக்கினு டப்பாவை மறுபடியும் மூடி வைப்பேன்.

ரெண்டாயிரத்துப் பதிமூணு. ஒரு ஞாயித்துக்கிழம சாயந்தரம், இசக்கிதுரையும் அவன் பொண்டாட்டி செல்வலட்சுமியும் லேப்டாப்பைத் தூக்கிக்கினு வந்தாங்க. ரெண்டு பேரும் திசையன்விளை பக்கம். எங்க தெருவுலதான் ஒரு ரூம் எடுத்து வாடகைக்கு இருந்தாங்க. அவன் வல்லம் வடகால்ல, கார் கதவுக்குத் தகடு அடிக்கிற கம்பெனில பிரஸ் ஓட்டறவன். ட்ரெய்னி, ட்ரெய்னின்னே மூணு வருஷம் ஓட்டிட்டானுங்க. அந்தப் பொண்ணு டேலி படிக்கணும்னு ஆசைப்பட்டுச்சு, அதுக்காக நான்தான் அந்த செகண்ட் ஹேண்டு லேப்டாப்பைக் குடுத்தேன்.

"அண்ணே, ஹெட்போன் மாட்டுனா கொர்ர்ருன்னு இரையுது. நீங்க குடுத்த லேப்டாப்புதாம்ணே"ன்னான் இசக்கிதுரை. கடைசி வார்த்தையைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னான்.

வாங்கி மாட்டிப் பாத்தேன். சார்ஜரைச் சொருகினா இரையுது, புடுங்கினா நிக்குது. "உள்ள கீற சவுண்டு போர்டு பழசுப்பா. கரண்டு சத்தம் அதுல ஏறிக்குது. யுஎஸ்பில சொருகற மாதிரி தனியா ஒரு சவுண்டு கார்டு வாங்கிக்கோ, ஹெட்போனை அதுல மாட்டு, சரியாப் போவும். ஆமா, பாட்டு கேக்கறதுக்கு இன்னாத்துக்கு இம்மாம் அலட்டிக்கிற?"

"பாட்டு இல்லண்ணே, இவியளுக்குப் பரீட்சை"ன்னுச்சு அந்தப் பொண்ணு.

அப்புறம்தான் விஷயத்தை விளக்குனாங்க. கம்பெனில காது டெஸ்ட் வச்சிருக்கான். வேன் ஒண்ணு வரும். உள்ள உக்கார வச்சு ஹெட்போனை மாட்டிவுட்டு, பீப் பீப்புனு சின்னச் சின்னதா சத்தம் வுடுவாங்க. கேட்டா பட்டனை அமுக்கணும். மொத தடவை இசக்கிதுரை சொதப்பிட்டான். வேன் பக்கத்துல ஜெனரேட்டர் ஓடுச்சு, பயத்துல ஒண்ணும் ஓடலன்னான். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி வரச் சொல்லியிருக்காங்க. பாஸானா பர்மனென்ட் ஆர்டர். ஃபெயிலானவங்களைப் பத்தி எச்சாரு ஆபீஸ்ல கேட்டதுக்கு "அப்புறம் முடிவு பண்றோம்"னு சொல்லிட்டானாம். ட்ரெய்னிகிட்ட முடிவுங்கற வார்த்தையைச் சொன்னா, பொட்டியைக் கட்டுன்னுதான் அர்த்தம். அந்த பீப் சத்தத்தை எவனோ நெட்லேர்ந்து எறக்கிக் குடுத்திருக்கான். அதை வச்சு வூட்லயே பழகப் பாத்தா, கொர்ர்ருல சின்ன பீப்பெல்லாம் அமுங்கிப் போவுது.

"காதுக்கு ட்யூஷனாடா"ன்னு சிரிச்சேன். அவனும் சிரிச்சான். அந்தப் பொண்ணு மட்டும் சிரிக்கல. "இந்த ஆர்டர் வரலன்னா ஊருக்குத்தாம்ணே போவணும். ஊர்ல என்ன இருக்கு எங்களுக்கு"ன்னுச்சு.

சரின்னு மூணு சவுண்டு கார்டு எடுத்துப் போட்டேன். ஒண்ணு சைனா சரக்கு, கட்டை வெரல் சைஸ்ல, ரொம்ப சீப்பு. ஒண்ணு நடுத்தரம். ஒண்ணு குமிழ் வச்ச டப்பா, வெலை ஜாஸ்தி. இதுல என் வியாபார வேலை ஒண்ணு கீது, சொல்லிட்றேன். அந்த சீப்பு சரக்கை நான் விக்கறதுக்காக வச்சிருக்கல, மத்ததை விக்கறதுக்காக வச்சிருக்கேன். அதைக் காதுல மாட்டினா ஸ்ஸ்ஸுனு ஒரே இரைச்சல், தோசைக்கல்லுல தண்ணி தெளிச்ச மாதிரி. உடனே மூஞ்சியைச் சுளிச்சுக்கினு அடுத்ததை எடுப்பாங்க. அதுவரைக்கும் ஒருத்தன் கூட அதைக் காதுல மாட்டிப் பாத்துட்டு வாங்கினது கிடையாது.

"பாட்டைப் போட்டுப் பாக்காத. பாட்டு எல்லாக் குத்தத்தையும் மூடிரும். ஒண்ணும் போடாம, வால்யூமை முழுசா வச்சுக்கினு மாட்டு. சும்மா கீறப்போ எது கம்முனு கீதோ அதான் நல்ல டப்பா"ன்னேன். 

இசக்கிதுரை சீப்பு சரக்கைத்தான் மொதல்ல மாட்டினான். கண்ணை மூடிக்கினு கேட்டான். அடுத்தது ரெண்டையும் மாட்டிக் கேட்டான். மறுபடியும் மொதலாவதுக்கு வந்தான். மூஞ்சியெல்லாம் சிரிப்பு.

"இது போதும்ணே. கொர்ரு சுத்தமாப் போயிருச்சு. ஒரு சத்தமும் இல்ல. மூணும் ஒண்ணுபோலத்தான் இருக்கு, எதுக்குக் கூடப் போட்டுக் குடுக்கணும்?"

நான் முழிச்சேன். பின்னு லூஸா இருக்கும்னு நெனச்சு ஹெட்போனை வாங்கி நானே மாட்டினேன். ஸ்ஸ்ஸுனு அடிக்குது. செல்வலட்சுமி என் கையிலேர்ந்து அதைப் புடுங்காத குறையா வாங்கி மாட்டுச்சு. அது எதையும் தன் கண்ணால, காதால பாக்காம காசு குடுக்காது. மாட்டினதும் மூஞ்சி செத்துப் போச்சு. ஹெட்போனைக் கழட்டல. என்னைப் பாத்துச்சு, அப்புறம் அவனைப் பாத்துச்சு.

"நல்லாக் கேட்டியளா?"

"கேட்டேன்டி. கப்புசிப்புனு இருக்கு."

எனக்கு அப்பத்தான் வெளங்குச்சு. அந்தக் கொர்ர்ரு தடியான சத்தம், அது அவனுக்குக் கேக்குது. இந்த ஸ்ஸ்ஸு சன்னமான சத்தம், அது அவன் காதுக்குள்ளயே பூரல. மூணு வருஷமா தகட்டை டமால் டமால்னு அடிச்சு, அந்த மெஷினு காதுல சன்ன சத்தம் கேக்கற பாகத்தை மொத்தமா தின்னுட்டுப் போயிருக்கு. அது ஆளுக்கே தெரியல. வாயைத் தொறந்தேன். அந்தப் பொண்ணு கண்ணாலயே என்னை அடக்கிருச்சு.

"அதையே குடுங்கண்ணே"ன்னுச்சு. குடுத்தேன். 

அடுத்த நாள் மத்தியானம், அவன் வேலைக்குப் போயிருக்கற நேரம் பாத்து தனியா வந்துச்சு. ஒரே ஓட்டைல ரெண்டு ஹெட்போன் மாட்டற ஒயரு வேணுமாம்.

"எதுக்குமா?"

"நானும் கூட இருந்து கேக்கணும். எப்ப சத்தம் வருதுன்னு இவிய தொடையில தட்டிச் சொல்லணும். வேன்ல பீப்பு விடுத நர்ஸம்மா மூணு மூணாத்தான் பட்டனை அமுக்குமாம், எடவெளி மாறாதாம். அமுக்குறப்ப தோளு அசையுமாம். காது கேக்காட்டி என்ன, கணக்கு மனசுல ஏறிட்டா போதும்லா."

எனக்குக் கோவம் வந்துருச்சு. "ஏம்மா, உனக்கு இன்னா பைத்தியமா? மொதல்ல அவனை டாக்டர்கிட்ட கூட்டினு போ. போன காதைப் புடிச்சுக்கினு பரீட்சை எழுதப் போறியா?"

"டாக்டர் காதைப் பாப்பாரு. வேலையை யாருண்ணே பாப்பா?" கொரலு ஏறுச்சு. "உங்களுக்கு சொந்த வீடு, சொந்தக் கடை. நாளைக்கே வெளிய போன்னு சொன்னா நாங்க எங்கண்ணே போவோம்? ஒயரு இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க."

ஒயரை எடுத்துக் குடுத்தேன். வேற இன்னா பண்றது. காசு வேணாம்னேன், வச்சுட்டுத்தான் போச்சு. 

அதுக்கப்புறம் தெருவுல போறப்போ ஜன்னல் வழியா தெரியும். பாயில ரெண்டும் எதிரெதிரா உக்காந்துக்கினு, ஆளுக்கொரு ஹெட்போன். அவ கண்ணை மூடிக்கினு கேப்பா, அவன் முட்டி மேல தட்டுவா, அவன் லேப்டாப்புல ஒரு பட்டனை அமுக்குவான். அவன் காது போன விஷயத்தை ரெண்டு பேரும் பேசிக்கினாங்களான்னு எனக்குத் தெரியாது. "சின்ன பீப்புல நீங்க தடுமாறுதிய, அதுக்குத்தான்"னு அவ சமாளிச்சிருப்பா. ஒரு வாரம் போனதும் தட்டறதை நிறுத்திட்டா. அவனே தானா அமுக்க ஆரம்பிச்சான். அப்புறம் அவ நர்ஸு மாதிரி எதிர்ல உக்காந்து தோளைக் கூட அசைச்சுக் காட்டினா. பாக்கறவனுக்கு எதோ வெளையாட்டு மாதிரி இருக்கும். எனக்கு அந்தப் பக்கம் போகவே புடிக்காமப் போச்சு.

டெஸ்ட்டு முடிஞ்சுது. இசக்கிதுரை பாஸு. சும்மா இல்ல, ரொம்ப நல்ல காதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்களாம். கவரோட ஆர்டரைக் காட்டிட்டு, ஒரு பொட்டலம் லட்டு குடுத்தான். செல்வலட்சுமி கடை வாசல்ல நின்னு சிரிச்சதை அன்னிக்குத்தான் நான் மொத மொதலா பாத்தேன். என் எரிச்சலெல்லாம் எங்கியோ போயிருச்சு. போவுது, பொழைச்சாங்கன்னு லட்டைத் தின்னேன்.

நாலு நாள் கழிச்சு அவ ரீசார்ஜுக்கு வந்து நிக்கறா, கொம்பையா உள்ள வந்தான். அவனும் அதே பிரஸ் லைன்தான், இவங்க ஊர்ப் பக்கம்தான். டெஸ்ட்டுக்கு முன்னாடி, "கேக்குறதுக்கு அமுக்குவேன், கேக்கலன்னா சும்மா இருப்பேன், இதுக்கு என்னல படிப்பு"ன்னு இசக்கிதுரையைக் கிண்டல் பண்ணவன். ஃபெயிலாயிட்டான்னு தெரு முழுக்கத் தெரியும்.

"எப்பப்பா ஊருக்கு?"ன்னேன், பாவமா.

"எதுக்குண்ணே ஊருக்கு? ஆர்டர் கையில வந்துட்டு. ஸ்டோர்ஸுக்கு மாத்திட்டாவ. பர்மனென்ட்டு."

நான் செல்வலட்சுமியைப் பாக்கல. பாக்க முடியல.

கொம்பையா பாட்டுக்குச் சொல்லிக்கினு போறான். இவங்க கம்பெனிகிட்ட கதவு வாங்கற கார் கம்பெனிக்காரன் ஆடிட்டுக்கு வந்தானாம். காது போனவனை பிரஸ்ல நிக்க வைக்கக் கூடாது, வெளிய அனுப்பவும் கூடாது, சத்தமில்லாத எடத்துல வேலை குடுத்துக் காட்டு, அப்பத்தான் அடுத்த ஆர்டர்னுட்டானாம். ஃபெயிலான அஞ்சு பேரையும் எச்சாரு ஸ்டோர்ஸ்ல உக்கார வச்சுட்டான். "ஃபேன் அடியில ஸ்டூலு போட்டு உக்காந்துருக்கேன்ணே. போல்ட்டு எண்ணுதேன்."

"பாஸானவங்க?"ன்னா செல்வலட்சுமி.

"அவியளுக்குத்தான் புது பிரஸ்ஸு, மைனி. ஆயிரம் டன்னு, பழசை விடச் சத்தம் கூட. நல்ல காது உள்ளவனா பாத்துத்தான் அதுல போடுதாவளாம். அண்ணன் பேருதான் மொதல்ல இருக்கு."

"அடுத்த வருஷ டெஸ்ட்டுல ஃபெயிலானா ஸ்டோர்ஸ் தருவாவளா?"

"எங்கிட்டு? அங்க எடம் நெம்பிட்டு. இனிமே ஃபெயிலானா கணக்கை முடிச்சு அனுப்பிருவோம்னு நேத்தே சொல்லிட்டாவ." அவன் மெமரி கார்டை வாங்கிக்கினு போய்ட்டான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது, பாவம்.

இசக்கிதுரை அவளைக் கூட்டினு போக பைக்குல வந்தான். செகண்ட் ஷிப்டு யூனிஃபார்ம் போட்டிருந்தான். அவ கடையில வச்சே அவன்கிட்ட எல்லாத்தையும் கொட்டினா. ஒவ்வொரு வார்த்தையா, உரக்க. அவன் அவ வாயைப் பாத்துக்கினே நின்னான்.

"இப்பவே போய்ச் சொல்லுங்க. எனக்குக் கேக்கல, கணக்கு வச்சுத்தான் அமுக்குனேன்னு சொல்லுங்க."

"சொன்னா? ஏமாத்தி வேலை வாங்குனான்னு இன்னைக்கே கேட்டுக்கு வெளிய தள்ளுவான்."

"அப்போ மிச்சக் காதையும் அந்த ஆயிரம் டன்னுக்குக் குடுக்கப் போறியளா? நான் உங்களுக்குக் கெடுதல்லா பண்ணிட்டேன்."

"நீ என்ன பண்ண?"ன்னான். கோவமில்ல அவன் கொரல்ல. "எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? அன்னைக்கு இந்த எடத்துல நீயும் அண்ணனும் முழிச்ச முழியைப் பாத்தே எனக்கு வெளங்கிட்டு, என் காது போச்சுன்னு. நீ சொல்லல, பயப்படுதன்னு நெனச்சு நானும் கேக்கல. பாஸாவணும்னு நானும்தானே உக்காந்து படிச்சேன்."

அவ அழுதா. நான் கல்லாவை இழுத்து இழுத்து மூடிக்கினு இருந்தேன். எவனைத் திட்டறதுன்னு தெரியல எனக்கு. கம்பெனிக்காரன் வாயைத் தொறந்து ஒரே ஒரு வார்த்தை மொதல்லயே சொல்லியிருந்தா, இவனும் ஃபேனுக்கு அடியில உக்காந்து போல்ட்டு எண்ணிக்கினு இருந்திருப்பான்.

இசக்கிதுரை பைக்கைத் திருப்பி நிறுத்தினான். ஷிப்டுக்கு நேரமாச்சு. அவ பின்னாடி ஏறி உக்காரலன்னு பாத்துட்டு எறங்கி வந்தான்.

"ஆர்டர்லயே போட்டிருக்கான், இந்த டெஸ்ட்டு வருஷா வருஷம் உண்டுன்னு. அடுத்த வருஷம் எனக்கு இன்னும் கேக்காது. நீதான் பழக்கி விடணும்." இன்னும் கிட்ட வந்து, "விடுவியாடி?"ன்னான்.

அவ முந்தானையால மூஞ்சியைத் தொடைச்சா. "சரி"ன்னா. அவனுக்குக் கேக்கலையோன்னு இன்னொரு தடவையும் சொன்னா.