செல்லியைக் காட்டிக் கொடுத்தவன்

செல்லி என்ற பெயரை மாமியார் வாயால் கேட்டபோது மருதாத்தாள் காப்பித் தட்டோடு நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். கூடத்தில் மாமியார் நாச்சம்மாளும் அவளுடைய தம்பி ரத்தினசாமியும் உட்கார்ந்திருந்தார்கள். ரத்தினசாமி பொள்ளாச்சிப் பக்கமிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். சுவரோரமாகத் தரையில் அமர்ந்து நிலக்கடலையை உடைத்து உடைத்துத் தோலை ஒரு பக்கமும் பருப்பை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டிருந்தவன் அவள் புருஷன் அர்த்தநாரி. என்னவோ அந்தக் கடலையில்தான் அவன் குடும்பமே அடங்கியிருப்பதுபோலக் குனிந்த தலை நிமிரவில்லை.

"ஆறு வயசுல இவ பண்ணுன வேலையக் கேளுடா தம்பி. மாரியாத்தா கோயல்ல நேந்து வெச்ச மண்ணுப் புள்ளையத் திருடிட்டு வந்திருக்கறா. அதுக்குச் செல்லீன்னு பேரு வேற. தொட்டலு கட்டி ஆட்டியிருக்கறா. ஆத்தா சும்மா உடுவாளா? எம்பட புள்ளைய எடுத்தவளுக்கு இன்னொரு புள்ளை எதுக்குன்னு வகுத்தைக் கட்டிப்போட்டா."

 மருதாத்தாளுக்குத் திருடி என்றது சுட்டது, வயிற்றைச் சொன்னது சுட்டது. ஆனால் அந்த இரண்டையும் விட அதிகமாகச் சுட்டது அந்தப் பெயர்தான். அவளைப் பெற்ற தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். செல்லி என்ற அந்தப் பெயர் தெரிந்த மனிதர் இந்த உலகத்தில் இன்னும் ஒரே ஒருவர்தான். அவர் சுவரோரம் கடலை உடைத்துக்கொண்டிருந்தார்.

கொழிஞ்சாம்பாறைக்குத் தெற்கே அவள் பிறந்த ஊரில் மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம் உண்டு. அதன் அடியில்தான் உருவாரங்களை வைப்பார்கள். கை முறிந்தவர் மண்ணில் ஒரு கை செய்து வைப்பார். கண் நோவு என்றால் இரண்டு கண்கள். பசுவுக்குப் பால் வற்றினால் ஒரு பசு. குழந்தைக்கு மாந்தம் என்றால் ஒரு குழந்தை. நோவு யாருக்கோ அவரைச் செய்து ஆத்தாளிடம் ஒப்படைத்துவிட வேண்டும், அப்புறம் அது அவள் பாடு. வைத்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்து பார்ப்பதில்லை. மழையும் வெயிலும் தின்று, காகம் எச்சமிட்டு, அவை பாட்டுக்குக் கிடக்கும். அந்தக் கூட்டத்தில்தான் செல்லி குப்புற விழுந்து கிடந்தாள்.

எவ்வளவு அழகு! சுண்ணாம்பு பூசின குண்டு உடம்பு. செம்மண் தொட்டு வைத்த உதடு. கண்கள் மட்டும் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. செய்தவன் அவசரத்தில் வைத்த புள்ளியாக இருக்கும். அதனாலேயே செல்லி எப்போதும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பதுபோல இருப்பாள். பாவாடைக்குள் மறைத்துக் கொண்டுவந்து கட்டுத்தரையில் ஒளித்து வைத்தாள் மருதாத்தாள். அம்மாவின் கிழிந்த சேலையில் தூளி கட்டி, எருமைக்கும் கன்றுக்கும் நடுவில் ஆட்டினாள். கடலைப் பருப்பை மென்று ஊட்டினாள். கண்பட்டுவிடக் கூடாதென்று கன்னத்தில் அடுப்புக்கரியால் பொட்டு வைத்தாள். ஒருநாள் குளிப்பாட்டப் போய்ச் சுண்ணாம்பு கரைந்து தண்ணீரெல்லாம் வெள்ளையாக ஓட, பிள்ளைக்கு வயிற்றால் போகிறதென்று ஓவென்று அழுதாள். அந்த அழுகையில்தான் அகப்பட்டுக்கொண்டாள்.

அம்மா பயந்து போனாள். அப்பா சிரித்தார். "மாரியாத்தாளுக்குப் புள்ளைகளுக்கா பஞ்சம்? நம்ம கண்ணு நாலு நாளைக்குப் பாத்துக்கட்டும்னு அவளே குடுத்துட்டிருப்பா" என்று சொல்லி, ஒரு தேங்காயோடு அவளைத் தோளில் உட்கார வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோனார். செல்லியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு வந்தார்கள். அந்தக் கோயில் பூசாரியும் சிரித்துக்கொண்டே அவள் நெற்றியில் திருநீறு பூசினார். கணக்கு அன்றைக்கே தீர்ந்துபோயிற்று. ஆத்தாளே மறந்துபோயிருப்பாள்.

இதையெல்லாம் கல்யாணமான புதிதில், வேலந்தாவளம் சந்தையிலிருந்து வண்டியில் திரும்பி வரும்போது அர்த்தநாரியிடம் சொன்னாள். வயிற்றால் போகிற இடம் வந்தபோது அவன் மூக்கணாங்கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தான். சிரித்து முடித்து, அவனும் ஒன்று சொன்னான். அவனுக்கு ஒரு அக்கா இருந்தாளாம். அம்மை வாரிக்கொண்டு போய்விட்டது. அவளுடைய மரப்பாச்சியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டுதான் ஒன்பது வயது வரைக்கும் தூங்குவானாம். அக்கா கட்டிவிட்ட துணிப் பாவாடையை அவிழ்க்காமல் வைத்திருந்தானாம். ஆம்பிளைப் பயலுக்குப் பொம்மை என்ன கேடு என்று நாச்சம்மாள் ஒருநாள் அதை அடுப்பில் வைத்துவிட்டாள்.  மருதாத்தாள் அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இந்த மனுஷனோடு காலத்தை ஓட்டிவிடலாம் என்று அவள் நம்பியது அந்த வண்டியில்தான். நம்பினவள் மடைச்சி என்று இப்போது தெரிந்தது.

காப்பியை வைத்துவிட்டு உள்ளே வந்தவள் கதவுக்குப் பின்னால் நின்று மிச்சத்தையும் கேட்டாள். கேட்கட்டும் என்றுதான் அவர்களும் பேசினார்கள். கேரளாவில் வந்த நில உச்சவரம்புச் சட்டத்தில் போனது போக இருக்கிற தோப்புக்கும் காட்டுக்கும் ஒரு வாரிசு வேண்டும். ரத்தினசாமிக்குக் கடைசிப் பெண் ஒருத்தி இருக்கிறாள், சொந்தம், ஒறம்பரை விட்டுப் போகாது. பங்குனியில் ஊர் மாரியம்மனுக்கு நடக்கும் நோம்பியில் மருதாத்தாள் மண்ணுப் பிள்ளையை இடுப்பில் வைத்து ஊரைச் சுற்றி வந்து, ஊரார் முன்னால் ஆத்தாளிடம் தப்புக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் குறையைத் தீர்த்தாயிற்று என்றால் வைகாசியில் கல்யாணம். மூத்தவளும் இருந்துவிட்டுப் போகட்டும், சோறுதானே! ரத்தினசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மாப்பளை என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். கடலை உடைகிற சத்தம் மட்டும்தான் வந்தது.

 போன வருஷம் கோயமுத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் அவள் தனியாகப் போய் எல்லாப் பரிசோதனையும் செய்துகொண்டாள். உனக்கு ஒரு குறையும் இல்லை, புருஷனைக் கூட்டிக்கொண்டு வா என்றார் அந்தம்மா. அர்த்தநாரி கூப்பிட்டால் வருகிற ஆளா? "எனக்கென்ன கேடு? மூட்டை தூக்கறேன், கெணத்துல எறங்கித் தூர் வாரறேன்" என்று மார்பைத் தட்டினான். ஊரில் அதைச் சொன்னால் சிரித்தார்கள். ஆம்பிளையைப் பரிசோதிப்பார்களா என்று நாச்சம்மாள் காறித் துப்பினாள். பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் சிவப்பு முக்கோணம் போட்டு, நாம் ரண்டு நமுக்கு ரண்டு என்று மலையாளத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அதைத் தாண்டிப் போகிறபோதெல்லாம் பெண்டுகள் அவளை ஒரு பார்வை பார்ப்பார்கள். விசேஷ வீடுகளில் பிள்ளையைக் கையில் கொடுக்க மாட்டார்கள். வளைகாப்பில் அவளைத் தாண்டிச் சந்தனக் கிண்ணம் போகும். அத்தனையும் அவள் வாங்கிக்கொண்டது யாருக்காக?

மாமன் ரத்தினசாமி பஸ் ஏறிய பிறகு கட்டுத்தரையில் புருஷனைப் பிடித்தாள்.

"ஏனுங்க, செல்லிய ஏனுங்க சொன்னீங்க?"

அவன் வைக்கோலை உதறிக்கொண்டே இருந்தான். "எங்க ஆத்தா நச்சரிச்சா புள்ளெ. ஏன் இப்படி, ஏன் இப்படீன்னு. வாயில வந்துருச்சு. அதென்ன பெரிய ரகசியமா? வெளையாட்டுச் சாமான் கதை."

"வெளையாட்டுச் சாமான் கதைன்னா அவிங்க சொல்றப்ப நீங்க சிரிச்சிருக்கோணுமுங்க. அன்னிக்கு வண்டியில சிரிச்சீங்கல்ல? இன்னிக்கு ஏன் சிரிக்கலீங்க?"

அவன் இன்னொரு பிடி வைக்கோலை உருவினான்.

"உங்க மரப்பாச்சிய நான் ஆருகிட்டயாச்சும் சொன்னனுங்களா?"

வைக்கோல் அவன் கையிலிருந்து விழுந்தது. முகம் வெளுத்துவிட்டது. "அதைச் சொல்லிப்போடாத புள்ளெ. ஊருக்குள்ள மானம் போயிரும்."

அதுதான் அவளை முழுக்க எரித்தது. செய்ததற்கு வருத்தமில்லை, அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை, தன் மானத்துக்கு மட்டும் உடனே கை கூப்ப வந்துவிட்டான். சொல்லியிருக்கலாம். ஒன்பது வயது வரை பாவாடை கட்டின பொம்மையைக் கட்டிக்கொண்டு படுத்தவன், அதனால்தான் ஆண்மை இல்லாமல் போயிற்று என்று ஒரு வார்த்தை கிணற்றடியில் போட்டால் போதும். அவர்கள் சொல்கிற கதைக்கு இது எந்த விதத்தில் குறைச்சல்? மாடுகளுக்குத் தண்ணீர் காட்டியபடியே அதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். வரவில்லை. அந்த மரப்பாச்சி அவனுக்கு மட்டும் சொந்தமில்லை. அம்மையில் செத்துப்போன அந்தப் பெண் கட்டிவிட்ட பாவாடை அது. அதைத் தெருவில் இழுத்துப் போட இவளுக்கு மனசு வரவில்லை. மனசு வராததற்கும் சேர்த்துத்தான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் குப்பண்ணனின் சூளைக்குப் போனாள். இந்த ஊருக்குப் பானையும் உருவாரமும் செய்கிறவர் அவர்தான். மண்ணை மிதித்துக்கொண்டிருந்தவர் அவளைக் கண்டதும் காலைக் கழுவிக்கொண்டு வந்தார். செய்தி அதற்குள் வந்து சேர்ந்திருந்தது. கண்ணில் ஒரு பரிதாபத்தோடு, "வாங்க அம்மிணி. பையனுங்களா, பொட்டப் புள்ளைங்களா?" என்று கேட்டார்.

"ஆம்பளை."

"சரிங்க. தவுந்து போற மாதிரி கிருஷ்ணனாட்ட ஒண்ணு பண்ணீர்ட்டுங்களா?"

"நிக்கற மாதிரி வேணும். வேட்டி கட்டியிருக்கோணும். தோள்ல துண்டு." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "மீசை வெச்சிரு குப்பண்ணா. நல்லா முறுக்குன மீசை."

 குப்பண்ணன் சூளையைப் பார்த்தார், வழியைப் பார்த்தார், யாரும் வருகிறார்களா என்று பார்த்தார். அறுவடைக்கு அறுவடை அவருக்குப் படி அளக்கிற வீடுகளில் நாச்சம்மாளின் வீடும் ஒன்று.

"அம்மிணி, ஆருக்கு நோவோ அவிங்களத்தானுங்க செய்யறது மொறை."

"அந்த மொறைதான் கேக்கறேன்."

"பெரியம்மா என்னையத் தொலைச்சுப் போடுவாங்க."

"ஆத்தாளுக்குன்னு வந்து கேட்டா நீ இல்லீன்னு சொல்லலாமா?"

 அவர் குனிந்து, மிதித்த மண்ணில் ஒரு உருண்டையை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டத் தொடங்கினார். "இல்லீன்னு சொல்லப்படாதுங்க. எதுக்குன்னு கேக்கறதும் தப்புங்க. கேட்டுட்டேன், ஆத்தா பொறுத்துக்கோணும்" என்றார்.

நோம்பியன்று காலையிலேயே தப்பட்டை தொடங்கிவிட்டது. நாச்சம்மாள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு மாவிளக்குத் தட்டோடு முன்னால் நடந்தாள். அந்த நடையைப் பார்த்தால் ஊரே அவள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்ததுபோல இருந்தது. பின்னால் மருதாத்தாள், ஈரத்தலையும் மஞ்சள் சேலையுமாக, மஞ்சள் துணி சுற்றின உருவாரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கனம் அதிகம். இடுப்பு எலும்பில் அழுத்தியது. வாசலுக்கு வாசல் பெண்டுகள் நின்று பார்த்தார்கள். சிலர் அவள் காலில் தண்ணீர் ஊற்றினார்கள். பாவம் என்றாள் ஒருத்தி. திருட்டுக் கை எங்கே போகும் என்றாள் இன்னொருத்தி, காதில் விழும்படியாகவே. மருதாத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். அழவில்லை. அழுவாள் என்றுதான் எல்லாரும் காத்திருந்தார்கள். ரத்தினசாமி வெள்ளை வேட்டியில் கோயில் வாசலிலேயே நின்றிருந்தார். அவருக்குப் பக்கத்தில், ஆண்கள் வரிசையின் முன்னால், அர்த்தநாரி எண்ணெய் வைத்துத் தலை வாரி நின்றிருந்தான்.

உருவாரத்தை மேடையில் இறக்கி வைத்தாள். பூசாரி தீர்த்தம் தெளித்தான். தப்பட்டை நின்றது.

"துணிய எடுங்க" என்றான்.

எடுத்தாள். சுண்ணாம்பு வேட்டியும் காவித் துண்டுமாக ஒரு முழு ஆள் நின்றான். குப்பண்ணன் வஞ்சகம் பண்ணவில்லை. மீசை இரண்டு பக்கமும் காது வரைக்கும் முறுக்கி ஏறியிருந்தது. கூட்டத்தில் முதலில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. நாச்சம்மாளின் கையில் மாவிளக்குத் தட்டு சாய்ந்து நெய் ஒழுகியது. "இவளுக்குப் பைத்தியம் புடிச்சுப் போச்சு, தூக்கி எறிங்கடா அதை" என்று கத்தினாள். யாரும் நகரவில்லை. மேடையில் ஏறிவிட்டதை எடுக்கிற உரிமை ஆத்தாளைத் தவிர எவருக்கும் கிடையாது.

பூசாரி திருநீற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு தடுமாறினான். முறைப்படி அவன் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று பாக்கியிருந்தது. அவன் அதை மிக மெதுவாகக் கேட்டான்.

"ஆரு பேருக்குங்க?"

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் வாய் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. ஓட்டர் லிஸ்டு எழுத வந்தவனிடம்கூடப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைச் சொல்லச் சொன்னவள் அவள். இப்போது தலையை நிமிர்த்தி, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"அர்த்தநாரி."

ஆண்கள் வரிசையில் அவனைச் சுற்றி நின்றவர்கள் லேசாக விலகிக்கொண்டார்கள். அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் மீசையைப் பொத்திக்கொண்டான். மருதாத்தாள் குனிந்து, மண்ணு மீசையில் ஒட்டியிருந்த மஞ்சள் நூலை விரலால் எடுத்துவிட்டாள். பிறகு திருநீற்றுக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.